வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர்

ஜெயங்கொண்டத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு எங்கே சீட்டு கிடைக்கும் என்று கணித்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அன்று கொளஞ்சியப்பன் என்பவர் மஞ்சள் பையை மடியில் அணைத்தபடி என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"பையன் மணிமாறனுக்குக் கேக்க வந்தேங்க. ரெண்டாவது வருசமா என்ட்ரன்ஸ் எழுதியிருக்கான். யுனிவர்சிட்டியில பிசிக்ஸ் கிடைக்குமா?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். "வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரு. கடைசி சீட்டு நந்தினிங்கற பொண்ணுக்குப் போயிருக்கு. அது நாளைக்கு வந்து சேரலைன்னா, சீட்டு உங்க பையனுக்குத்தான்."

"அது வராம போக வாய்ப்பிருக்குங்களா?"

"இவ்வளவு மார்க் எடுத்த பொண்ணு வராம இருக்குமா? ஒரிஜினல் சர்டிபிகேட் தொலைஞ்சு போனாத்தான் உண்டு" என்று சிரித்தேன். "அது இல்லாம போனா சேர்க்கவே மாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. "மறுபடி வாங்க எத்தனை நாளாகும்?"

"மாசக்கணக்குல அலையணும்."

"சரிங்க, போயிட்டு வரேன்." நிதானமாக எழுந்து போனார்.

பத்து நிமிடம் கழித்து போன் வந்தது.

"சார், மீன்சுருட்டியிலேருந்து நந்தினி பேசறேன். நாளைக்கு எனக்கு அட்மிஷன். சர்டிபிகேட்டெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க அப்பா உங்க கடைக்குத்தான் கொண்டாந்தாரு. பேரு கொளஞ்சியப்பன். எடுத்துட்டாருங்களா?"

மடியிலிருந்த பையை அவர் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.