சிவப்பு ஃபிளாஸ்க்

பெய்ஜிங்கின் குளிர்கால மதிய வெயில் கேலரியின் கூரைக் கண்ணாடி வழியே இறங்கி, சுவரோரம் சாய்த்து வைத்த படங்கள்மீது வெளிறிக் கிடக்கிறது. பிரித்துப் போட்ட அட்டைகளின் மணத்தோடு காயாத எண்ணெய் வண்ணத்தின் வாடையும் கலந்து வருகிறது. அடுத்த வாரம் கண்காட்சி. கேலரியை நடத்தும் ஷூலான் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு படத்தின் முன்னும் குந்தி எழுகிறாள். எல்லாவற்றிலும் அதே சிவப்பு வெந்நீர் ஃபிளாஸ்க். யாருக்கும் பேர் தெரியாத ஓவியனாக காவ் லின் இங்கே வந்தபோது, அவன் வரைந்த ஃபிளாஸ்க் படம் ஒன்றுதான் திறப்பு விழா அன்றே விற்றது. "இதையே இன்னும் நாலு போடுடா" என்று முதுகில் தட்டியவள் ஷூலான்தான். அவன் ஸ்டூடியோவின் வாடகையும் குளிருக்கு ஹீட்டரும் அவள் கொடுத்தவை. இப்போது, அவன் பக்கத்தில் நிற்க, ஓர் ஆற்றங்கரைப் படத்தில் அவள் பார்வை நின்றுவிடுகிறது. அதில் ஃபிளாஸ்க்கின் சிவப்பு இன்னும் ஈரமாக இருக்கிறது. அதன் அடியில் ஒரு குழந்தையின் இரண்டு பாதங்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன.

"இங்க யாருடா நின்னா?"

"என் பொண்ணுதான்க்கா. நேத்துதான் மறைச்சேன். ஃபிளாஸ்க் இல்லாம எப்படி விக்கும்?"

ஷூலான் கையுறையைக் கழற்றுகிறாள். அந்தப் பாதங்களைத் தொடப்போன விரல் பாதியில் நிற்கிறது.

"போதும்டா இந்த ஃபிளாஸ்க். வேற ஏதாவது வரையேன்."

அவன் முகம் மலர்கிறது. அவசரமாகப் பைக்குள் கைவிட்டு பென்சிலை எடுக்கிறான்.

"சரிக்கா. என்ன வரையணும்னு சொல்லுங்க."