இரண்டாவது தட்டு

டிசம்பர் இருபத்து நான்கு, காலை ஒன்பது மணி. பினாங்கின் மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.

மாரா குனிந்து உள்ளே போனாள்.

கையில் ஒரு பீங்கான் தட்டு. அதன்மேல் ஈரத்துணி.

பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. வீடிருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் எடுக்கவில்லை.

மருமகன் கோகுலன்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில், மருத்துவமனையில் இருக்கிறான். மகள் ரூபினிக்கு ஏழாம் மாதம். நேற்று மாலை பனிக்குடம் உடைந்துவிட்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து உண்டான பிள்ளை.

"நீங்க வீட்லயே இருங்கம்மா. ஜெபம் பண்ணுங்க. நான் கால் பண்றேன்" என்றிருந்தான்.

ஜெபமாலை சொன்னாள். விடிந்ததும் தட்டைப் பார்த்தாள். பார்த்த பிறகு கோகுலனின் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை, கோதுமை வாங்க மட்டுமே அவள் வரும் கடை இது. கடைக்காரர் ஹைதருக்கு முன்னால் துணியை விலக்கினாள்.

கோதுமை நாற்று. முழுக்க மஞ்சள். நடுவில் பிளந்து, தட்டுக்கு வெளியே சரிந்து கிடந்தது. சுற்றிக் கட்டிய சிவப்பு ரிப்பன் அடியில் நழுவியிருந்தது.

"தம்பி, நீ குடுத்தது பழைய கோதுமைதானேலா?"

கேட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் போதும்.

குரோவாசியாவில் அவள் பிறந்தது ஒரு கடலோர ஊர். அங்கே புனித லூசியாள் திருநாளில், டிசம்பர் பதின்மூன்றில், தட்டில் கோதுமை விதைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குப் பச்சையாக நிமிர்ந்து நின்றால் வீட்டுக்கு நல்ல வருடம். மஞ்சளானால் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அம்மாவின் தட்டு ஒருமுறை மஞ்சளானது. பிப்ரவரியில் அண்ணனின் படகு திரும்பவில்லை.

அவள் கணவர் ராமதாஸ் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அவரைக் கட்டிக்கொண்டு பினாங்குக்கு வந்த வருடமே மாரா முதல் தட்டை விதைத்தாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அது சாய்ந்ததில்லை.

ஃபாதர் அதை வெறும் வழக்கம் என்பார். அவள் தலையாட்டுவாள்.

ராமதாஸ் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். "இது எங்க முளைப்பாரிதான்லா" என்பார். தண்ணீர் தெளிப்பதும் அவர்தான். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு நாள், அவள் விடியற்காலைப் பூசைக்குப் போய்த் திரும்பும்போது, தட்டு முந்தின நாளைவிடக் குட்டையாக இருக்கும். முந்தின நாளைவிடப் பச்சையாகவும் இருக்கும்.

"நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன், பாரு" என்பார்.

சென்ற வருடமும் பச்சைதான். ஜூலையில் ராமதாஸ் தூக்கத்திலேயே போய்விட்டார். வலியில்லை. அதையும் தட்டு தந்த நல்லதென்றே எடுத்துக்கொண்டாள்.

இந்த வருடம் நுனியை அவளே வெட்டினாள். அப்படியும் சரிந்தது.

ஹைதர் ஒரு நாற்றைப் பிடுங்கி முகர்ந்தார்.

"பழைய சரக்கா? நம்ம கடையிலயா? மெதுவாப் பேசுங்கக்கா, பக்கத்துக் கடைக்காரன் கேட்டா இன்னிக்கே போர்டு எழுதி வச்சிருவான். உங்களுக்குக் குடுத்த அன்னிக்குத்தான் மூட்டையே பிரிச்சேன்."

மாராவின் விரல்கள் தட்டின் விளிம்பை இறுக்கின. பை மறுபடி அதிர்ந்தது.

"நல்லா யோசிச்சுப் பாரு. பூச்சி இருந்துச்சா? மூட்டை நனைஞ்சுச்சா?"

"இல்லக்கா."

"கொஞ்சம்கூடவா?"

ஹைதர் அவள் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"கோதுமைமேல குத்தமில்லக்கா. உங்க ஊர் குளிருல நிக்கும். இந்தச் சூட்டுல எப்படி நிக்கும்? ஒரு வாரம், மிஞ்சிப்போனா இன்னும் ஒரு நாளு. அப்புறம் படுத்துரும். அதுக்குத்தானே ராமதாஸ் அண்ணன் ரெண்டாவது தட்டு போடுவாரு."

"ரெண்டாவது தட்டா?"

"அதான்கா, இதே மாதிரி பூப்போட்ட தட்டு. நம்ம மாடி ஜன்னல்லதான் இருக்கும். நான்தான் தண்ணி தெளிப்பேன். கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஒரு நாள் விடியறதுக்குள்ள மோட்டார்சைக்கிள்ல வந்து கதவைத் தட்டுவாரு. கைலியோட எறங்கி வந்து தொறப்பேன். பழசை என்கிட்ட குடுத்துட்டு இதைத் தூக்கிட்டு ஓடுவாரு. அக்கா பூசை முடிஞ்சி வந்துரும், வந்துரும்னு ஒரே அவசரம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாரா மேலே பார்த்தாள். செங்குத்தான மரப்படிகள். அவற்றின் உச்சியில், ஜன்னலிலிருந்து விழுந்த கொஞ்சம் வெளிச்சம்.

ராமதாஸின் கையில் ஒருநாளும் கத்தரிக்கோலைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பை அதிர்ந்து அடங்கியது.

தட்டைக் கல்லாமேசைமேல் வைத்தாள். சரிந்த நாற்றின்மேல் துணியைப் போடவில்லை. கைப்பேசியை வெளியே எடுத்து, கோகுலனின் பெயரைத் தொட்டாள். 

காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்தது.

ஹைதர் மேசைக்குக் கீழே துழாவி, முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே கோதுமை.

"ரெண்டாவது தட்டுக்குன்னு எடுத்து வச்சதுக்கா, அப்படியே இருக்கு. இந்த வருஷம் அண்ணன் ஏன் வரல?"