டியூஷன் பையில் ஈரத்துண்டு

நிவேதாவின் டியூஷன் பைக்குள் ஈரத்துண்டு கிடந்தது. சங்கரேஸ்வரி எடுத்து முகர்ந்து பார்த்தாள். நல்லெண்ணெய் வாசம்.

மகளின் பிளஸ் ஒன் பரீட்சை முடியும்வரை வீட்டில் ஒருவரும் குற்றாலத்து அருவிப் பக்கமே போகக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“ஏட்டி, டியூஷனுக்குப் போதியா, அருவிக்குப் போதியா?”

“டியூஷனுக்குத்தாம்மா.”

“அப்போ இது எப்படி நனைஞ்சுது?”

நிவேதா பையிலிருந்த நோட்டுகளை எடுத்து விரித்துக் காயவைத்தாள்.

தினமும் அவளை பைக்கில் கொண்டுபோய்விட்டுக் கூட்டிவரும் அப்பா சுந்தரபாண்டி, பேப்பர் படித்தபடியே சொன்னார்: “சாரல்ல நனைஞ்சிருக்கும். விடு.”

“சாரல்ல எண்ணெயும் சேந்தா பெய்யுது? இவளை ஹாஸ்டல்ல போட்டாத்தான் சரிப்படும். இப்படி ஊர் சுத்துனா எந்தக் காலேஜ்ல சீட்டு குடுப்பான்?”

கையோடு டியூஷன் டீச்சர் பெர்சிஸுக்குப் போன் போட்டாள்.

“நிவேதா ஒருநாள்கூட லீவு போட்டதில்லைக்கா. நல்லாப் படிக்கா. நீங்க அவ அப்பாவைத்தான் கண்டிக்கணும்.”

“ஏன் டீச்சர்?”

“டெய்லி ஈரத்தலையோட வந்து, துண்டை அவ பைக்குள்ள திணிச்சிட்டுத்தான் வண்டிய எடுக்காரு. பிள்ளை நோட்டெல்லாம் நனையுதுக்கா.”

சங்கரேஸ்வரி மெல்லத் திரும்பினாள்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து பெரிதாக ஒரு தும்மல் கேட்டது.