எஞ்சின் சத்தம்

லீவரை விட்டால் பக்கெட் இறங்கிவிடும்.

பக்கெட்டுக்கு அடியில் தம்பி கிடந்தான்.

காலையில் தம்பி அடியில் குனிந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது அது முதல் தடவை இறங்கி அவன் முதுகை நசுக்கியது. அண்ணன்காரன் பாய்ந்து டிராக்டர் சீட்டில் ஏறி லீவரை இழுத்தான். தூக்கியது. தூக்காமல் என்ன? கம்பெனி லோடர் பிச்சை வாங்கணும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட, டிராக்டர் முன்னால் மாட்டிய எரு அள்ளும் லோடர். காயலான் கடையில் பொறுக்கிய சிலிண்டர். பழைய தண்ணீர்த் தொட்டித் தகட்டில் வெட்டிய பக்கெட். அண்ணனும் தம்பியுமாக வெல்டு வைத்தது.

"ஆயில் ஒழுகுது, சிலிண்டர் சீல மாத்தீட்டு ஓட்டலாம்ண்ணா" என்று நேற்றுகூடத் தம்பி சொன்னான்.

ஒரு நடை எரு அள்ளிவிட்டு மாற்றலாம் என்றான் அவன்.

லீவரைத் துண்டால் கட்டிப் பார்த்தான். கட்டு இளகியது. பக்கெட் ஒரு சாண் இறங்கியது. மறுபடி கையாலேயே பிடித்துக்கொண்டான்.

போன் சட்டைப் பையில். சட்டை வேலிக் கல்லில்.

கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தினால் யாருக்காவது கேட்கும்.

நிறுத்தினால் பக்கெட் இறங்கும்.

தம்பி முதலில் கையை ஆட்டினான். பிறகு ஆட்டவில்லை. களைத்திருப்பான், பாவம்.

வெயில் ஏறியது. தோள் மரத்துப்போனது.

மதியம் மனைவி சோற்றுப் போசியோடு பின்பக்கமாக வந்தாள். டிராக்டர் ஓடும்போது அவள் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தொண்டைத் தண்ணீர் வற்றுவதுதான் மிச்சம். நேராக வந்து ஸ்டாப் குமிழை இழுத்துவிடுவாள். அதற்காக எத்தனையோ நாள் பொய்க்கோபம் காட்டியிருக்கிறான்.

சிரித்தபடி குமிழுக்குக் கையை நீட்டினாள்.

எட்டி உதைத்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் கைகூட ஓங்கியதில்லை. போசி உருண்டு சோறு மண்ணில் கொட்டியது. விழுந்த இடத்திலிருந்து அவளுக்குப் பக்கெட்டின் அடி தெரிந்தது.

தவழ்ந்தே போனாள். அக்குளில் கைகொடுத்துக் கொழுந்தனை வெளியே இழுத்துப் போட்டாள். மூக்கருகே விரலை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள்.

ஒரு பக்கமாக நீண்டிருந்த அவன் கையை மடக்கி நெஞ்சின்மேல் வைக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

எழுந்து டிராக்டரிடம் வந்தாள். அவன் இன்னும் லீவரைப் பிடித்திருந்தான். பக்கெட்டுக்கு அடியில் வெறும் மண்தான் இருந்தது.

"போதும் மாமா, உடுங்க."

எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.

குமிழுக்குக் கையை நீட்டினாள்.

இந்தத் தடவை அவன் உதைக்கவில்லை.