ஒன்பதாம் பக்கம்

தான் ஓய்வுபெறும் நாளில், வார்சாவின் தர்க்கவியல் பேராசிரியர் விடோல்டின் மேசையில் நூலால் கட்டிய ஒரு கட்டுரையை வைத்தாள் அவர் துறையின் ஊழியர் டனுட்டா.

"என் வீட்டுக்காரர் மாரெக் எழுதினது, புரொஃபசர். முப்பது வருஷம் முன்னாடி ஆய்விதழுக்கு அனுப்பினார். பரிசீலிச்சவர் பேர் போடாம, 'நிரூபணம் தப்பு'ன்னு ஒரே வரி எழுதிட்டார். அதோட எல்லாத்தையும் விட்டுட்டு, குடிச்சே செத்துப்போனார் இவர். நிஜமாவே தப்பா?"

"இல்லம்மா. ஒன்பதாம் பக்கத்துல ஒரு படியைத் தாவின மாதிரி தெரியும். ஆனா அது சரிதான். அந்த ஆள்தான் அவசரப்பட்டுட்டான்."

டனுட்டா கட்டுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூலை நீங்க இன்னும் அவிழ்க்கவே இல்லையே, புரொஃபசர்."

விடோல்ட் தலைகுனிந்தார்.

"முப்பது வருஷமா தினமும் அதைத்தான்மா படிச்சிட்டிருக்கேன்."