தார் லாரிக்குக் குறுக்கே

அண்ணனூரில் எங்கள் தெருவுக்கு ரோடு போட வந்த தார் லாரியின் முன்னால், கிருபாகரன் கைகளை விரித்து நின்றான்.

"நாளைக்குப் போடுங்கண்ணே. இன்னைக்குப் போட்டா என் பொழப்பே போயிடும்!"

"இன்னா நைனா, ரோடு இல்லன்னு அழுவுறவனைப் பார்த்துகீறேன். போட்டா அழுவுறவன் நீ ஒருத்தன்தான்," என்றார் மேஸ்திரி.

"ரோடு கேட்டு மனு குடுத்ததே இவன்தான்," என்றார் எதிர்வீட்டு அமல்ராஜ். "பள்ளத்துல வுழுந்து பல்லு போனதும் இவனுக்குத்தான்."

கெஞ்சியும் பயனில்லை. கண்ணெதிரிலேயே தெரு வழவழவென்று ஆகிவிட்டது.

கிருபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஊரெல்லாம் சைக்கிள்லயும் ஸ்கேட்போர்டுலயும் பள்ளத்தைத் தாவித் தாவிச் சுத்துற மாதிரி ஒரு வீடியோ கேம் பண்ணேன் சார். வாங்க வந்தவரு, 'எந்தத் தெருவுலயாவது இவ்ளோ பள்ளம் இருக்குமா? நம்புற மாதிரி இல்லையே'ன்னாரு. சாயங்காலம் எங்க தெருவுக்கே வாங்க, காட்டுறேன்னு சொல்லிட்டேன்."