மிதிவெடிப் பலகை

குளம் வற்றினால் ஜெயபுரம் காட்டில் மான்கள் வெளியே வரும். சுடலைமுத்து தோட்டா நிரப்பிய துவக்கையும், சத்தம் போடக்கூடாத நேரத்துக்கென்று ஒரு வில்லையும் தூக்கிக்கொண்டு, பரண் கட்டப் புறப்பட்டான். காட்டோரம் நட்டிருந்த மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளை ஏறெடுத்தும் பாராமல் உள்ளே போய்விட்டான்.

கூட வந்த மனைவியின் தம்பி கிருபன் வெளியிலேயே நின்றான். "அத்தான், பலகையில மண்டையோடு போட்டிருக்கு."

சுடலைமுத்து சிரித்தான். "மற்ற வேட்டைக்காரர் வராமலிருக்க நான்தானடா எழுதி நட்டனான். பயப்பிடாம வா."

கிருபன் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்றான்.

"அத்தான், உங்களுக்குச் சிங்களம் எழுதத் தெரியுமே?"

"தமிழே தட்டுத்தடுமாறித்தான். ஏன்?"

"இதில மூண்டு பாசையிலயும் அச்சடிச்சுக் கிடக்குது."

சுடலைமுத்து தூக்கிய காலை இறக்கவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தான். காய்ந்த சருகில், திரும்பிக் கால்வைத்துப் போக வந்த தடம் ஒன்றுகூட இல்லை.